மெயில் சர்வரின் வாசல் விதிகள்: யாரை விடுவது, யாரைத் தடுப்பது, எந்த வரிசையில்

மெயில் சர்வரின் 25-ஆம் போர்ட்டை மூடி வைக்க முடியாது. முன்பின் தெரியாத எந்த சர்வரும் எந்த நேரத்திலும் வந்து, "உங்கள் டொமைனில் இருக்கும் இன்னாருக்கு ஒரு மெயில் இருக்கிறது" என்று சொல்லலாம். மின்னஞ்சல் நடப்பதே அப்படித்தான். வருகிற எல்லோரிடமும் பாஸ்வேர்டு கேட்க வழியில்லை. அதனால் வருபவரை நிறுத்திச் சில கேள்விகள் கேட்டு, ஒவ்வொரு மெயிலுக்கும் அந்தந்த நொடியிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விகளின் பட்டியலுக்குத்தான் அணுகல் கட்டுப்பாடு என்று பெயர்.

இங்கே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை வைத்து விளக்குகிறோம். எக்ஸிம், சென்ட்மெயில் போன்றவற்றில் கட்டளைப் பெயர்கள் வேறு. அடிப்படைத் தர்க்கம் ஒன்றுதான். அமைப்புப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே, அடிக்கோடுகளோடு எழுதியிருக்கிறோம். மெயின்.சிஎஃப் கோப்பில் அவற்றை அப்படியே ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

எந்தத் தகவலை நம்பலாம்?

விதி எழுதும் முன், அனுப்பும் சர்வரும் உங்கள் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை தெரிந்திருக்க வேண்டும். முதலில் இணைப்பு வருகிறது. அப்போது எதிர்முனையின் ஐபி முகவரி தெரிந்துவிடும். அடுத்து ஹெலோ அல்லது ஈஹெலோ கட்டளையில் அது தன் பெயரைச் சொல்கிறது. பிறகு மெயில் ஃப்ரம் கட்டளையில் அனுப்புநர் முகவரி, ஆர்சிபிடி டூ கட்டளையில் பெறுநர் முகவரி. கடைசியாக டேட்டா கட்டளை. அதன் பிறகுதான் மெயிலின் உள்ளடக்கமே வருகிறது.

இவற்றில் பொய் சொல்லக் கடினமானது ஐபி முகவரி ஒன்றுதான். பதில் திரும்பிப் போய்ச் சேராவிட்டால் இணைப்பே நிலைக்காது என்பதால் அதைப் போலியாக வைத்துக்கொண்டு உரையாட முடியாது. ஹெலோ பெயரும் அனுப்புநர் முகவரியும் எதிர்முனை தானாகச் சொல்லிக்கொள்பவை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். இந்த வேறுபாடு மனதில் இருந்தால், பின்னால் வரும் தவறுகளில் பாதியைத் தவிர்த்துவிடலாம்.

இன்னொன்று: மெயில் செயலியில் 'அனுப்பியவர்' என்று தெரிகிற வரி உள்ளடக்கத்தின் தலைப்பில் இருப்பது. மெயில் ஃப்ரம் கட்டளையில் சொல்லப்படுவது உறை முகவரி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாம் இங்கே பேசும் விதிகள் உறையை மட்டுமே பார்க்கும். "இந்த முகவரியைத் தடுத்தும் மெயில் வருகிறதே" என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பட்டியல் எப்படிப் படிக்கப்படுகிறது

உரையாடலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு பட்டியல் உண்டு: எஸ்எம்டிபிடி_கிளையன்ட்_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ், பிறகு அதே போல ஹெலோ, சென்டர், ரிலே, ரெசிபியன்ட், டேட்டா ஆகியவற்றுக்கும். பட்டியலில் இருக்கும் விதிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கேட்கப்படும். ஒரு விதி மூன்றில் ஒரு பதிலைத் தரும்: விடு, தடு, அல்லது எனக்குத் தெரியாது. மூன்றாவது பதில் வந்தால் அடுத்த விதிக்குப் போகும். முதலில் உறுதியான பதில் சொல்லும் விதியோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை கேட்கப்படவே மாட்டா. கடைசி வரை யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 'விடு' என்று பொருள்.

இதில் ஒரு சமச்சீரின்மை இருக்கிறது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். 'தடு' என்ற பதில் இறுதியானது. எந்தப் பட்டியலில் வந்தாலும் அந்தப் பெறுநருக்கு மெயில் போகாது. 'விடு' என்பதோ அந்தப் பட்டியலை மட்டுமே முடித்துவைக்கும். அடுத்த பட்டியல் புதிதாகத் தொடங்கும். நம்பிக்கையான ஒரு ஐபியைக் கிளையன்ட் பட்டியலில் அனுமதித்திருப்பீர்கள். ரெசிபியன்ட் பட்டியலில் இருக்கும் தடைப்பட்டியல் (ஸ்பேம் அனுப்பும் ஐபிகளின் பொதுப் பட்டியல்) விதி அதே ஐபியைத் தடுத்துவிடும். விலக்கு கொடுத்த இடமும் தடுக்கிற இடமும் ஒரே பட்டியலில் இருந்தால்தான் விலக்கு வேலை செய்யும்.

கிளையன்ட் விதி என்பதால் அது இணைப்பு வந்த உடனேயே ஓடும் என்றும் நினைக்க வேண்டாம். எஸ்எம்டிபிடி_டிலே_ரிஜெக்ட் என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கு நிலையில் இருக்கும். அதனால் பெறுநர் கட்டம் வரை எல்லாத் தீர்ப்புகளும் தள்ளிவைக்கப்படுகின்றன. இதில் நன்மைதான் அதிகம்: யார், யாருக்கு அனுப்ப முயன்றபோது தடுக்கப்பட்டார் என்பது முழுமையாக லாகில் பதிவாகும். மேலும், பெறுநர் கட்டத்தில் ஐபி, ஹெலோ, அனுப்புநர் எல்லாமே கையில் இருப்பதால், அநேகமாக எல்லா விதிகளையும் ரெசிபியன்ட் பட்டியல் ஒன்றிலேயே வரிசையாக எழுதிவிடலாம். தொடங்குபவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதும் அதுதான். ஐந்து பட்டியல்களில் சிதறிக் கிடக்கும் விதிகளைவிட ஒரே பட்டியலின் வரிசையை மனதில் வைத்திருப்பது எளிது.

ஓப்பன் ரிலே: முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை

ஒரு மெயிலை ஏற்க இரண்டே நியாயங்கள்தான் உண்டு. மெயில் நம் டொமைனுக்கு வர வேண்டும், அல்லது நம்மவர் ஒருவர் வெளியே அனுப்ப வேண்டும். வெளியாள் ஒருவர் இன்னொரு வெளியாளுக்கு அனுப்ப உங்கள் சர்வரைப் பயன்படுத்த முடிந்தால் அதுவே ஓப்பன் ரிலே. ஸ்பேம் அனுப்புவோர் இப்படிப்பட்ட சர்வர்களை ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். மாட்டினால் உங்கள் ஐபி தடைப்பட்டியல்களில் ஏறும். நீங்கள் அனுப்பும் நல்ல மெயிலும் பிறரால் மறுக்கப்படும்.

அடைக்கும் வரிகள் இவ்வளவுதான்:

எஸ்எம்டிபிடி_ரிலே_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் =
    பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ்,
    பெர்மிட்_சாசல்_ஆதென்டிகேட்டட்,
    ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷன்

முதல் வரி நம் வலையமைப்பிலிருந்து வருவோரை விடுகிறது. இரண்டாவது, பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்தவரை விடுகிறது. மூன்றாவது, பெறுநரின் டொமைன் இந்த சர்வர் பொறுப்பேற்றதாக இல்லாவிட்டால் 554 என்ற எண்ணோடு 'ரிலே அக்சஸ் டினைட்' என்று மறுக்கிறது.

சமக்குறிக்குக் கீழே வரும் மூன்று விதி வரிகளும் ஒரு வெற்றிடத்தோடு தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அவை புதிய அமைப்பாகக் கருதப்படும். விளக்கக் குறிப்பு எழுத வேண்டுமானால் ஹேஷ் குறி (#) வரியின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். விதியின் பின்னால் அதே வரியில் எழுதினால் அது விளக்கமாகாது, விதியின் பகுதியாகிவிடும்.

ரிலேவுக்கென்று தனிப் பட்டியல் வந்தது 2013-இல், 2.10 பதிப்பில். அதற்கு முன் இந்த மூன்று வரிகளும் ரெசிபியன்ட் பட்டியலில்தான் இருந்தன. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பல இன்னும் அப்படியே இருக்கின்றன. அந்த அமைப்பில், மூன்றாவது வரிக்கு மேலே "இந்த அனுப்புநர் டொமைனை விடு" என்று ஒரு விலக்கு போட்டால் கதை முடிந்தது. அனுப்புநர் முகவரியை யாரும் போலியாகப் போடலாம் என்பதால், அந்த டொமைன் பெயரைச் சொல்லும் எவரும் உலகில் யாருக்கும் அனுப்பலாம். இப்போது ரிலே பட்டியல் தனியாக நிற்பதால் இந்த விபத்து குறைந்திருக்கிறது. ரிலே பட்டியலுக்குள் மட்டும் அனுப்புநரை வைத்து எந்த விலக்கும் எழுதாதீர்கள்.

அடுத்த ஓட்டை மைநெட்வொர்க்ஸ். இதில் இருக்கும் ஐபிகளுக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. 3.0-க்கு முந்தைய பதிப்புகளில், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், சர்வர் இருக்கும் சப்நெட் (அருகருகே உள்ள ஐபிகளின் தொகுதி) முழுவதும் 'நம் வலையமைப்பு' என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. வாடகை சர்வரில் அந்த சப்நெட்டில் இருப்பவர்கள் யாரோ முன்பின் தெரியாதவர்கள்! பழைய அமைப்புக் கோப்பையே வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் மேம்படுத்தியவர்களுக்கு இந்தப் பழைய இயல்பு தொடரலாம். ஆகவே மைநெட்வொர்க்ஸை வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள்: 127.0.0.0/8 மட்டும் போதும். ஐபிவி6 இருந்தால் அதன் உள்முகவரியையும் சதுர அடைப்புக்குள் சேர்க்க வேண்டும்.

டாக்கரில் ஓட்டுபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. சில வலையமைப்பு அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் இணைப்பு, கன்டெய்னருக்குள் 172.17.0.1 போன்ற பிரிட்ஜ் முகவரியிலிருந்து வருவதாகத் தெரியும். மைநெட்வொர்க்ஸில் 172.16.0.0/12 என்று தாராளமாக எழுதியிருந்தால் உலகமே உங்கள் வலையமைப்பாகிவிடும். லாகில் வெளி ஐபிகள் உள்ளபடி தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே மேலே போங்கள்.

சோதனையை வெளியிலிருந்து செய்ய வேண்டும். சர்வருக்குள்ளிருந்து செய்தால் முதல் வரியே உங்களை விட்டுவிடும். வெளியே இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து டெல்நெட் மூலம் 25-ஆம் போர்ட்டில் இணைந்து, ஈஹெலோ, மெயில் ஃப்ரம் கொடுத்து, ஆர்சிபிடி டூவில் உங்களுக்குத் தொடர்பில்லாத டொமைன் முகவரி ஒன்றைக் கொடுங்கள். 554 வந்தால் சரி. 250 வந்தால் ஓட்டை இருக்கிறது. வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் வெளியே போகும் 25-ஆம் போர்ட் அடைக்கப்பட்டிருக்கும். இணைப்பே கிடைக்காவிட்டால் அதைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் டொமைனுக்கு வருவதில் எதைத் தடுப்பது

முதலில், இல்லாத பெறுநர். உங்கள் டொமைனில் இல்லாத பெயருக்கு வரும் மெயிலை வாசலிலேயே 550 சொல்லித் திருப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டு பிறகு "அப்படி யாரும் இல்லை" என்று மெயில் அனுப்பினால், அது போலி அனுப்புநராகப் பெயர் போடப்பட்ட அப்பாவியைப் போய்ச் சேரும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே பெறுநர் பட்டியலைச் சரிபார்க்கிறது. ஆனால் ஒரு டொமைனை இன்னொரு டொமைனுக்கு மொத்தமாகத் திருப்பும் ஆலியாஸ் (மாற்று முகவரி விதி) எழுதினால் அந்தச் சரிபார்ப்பு செயலிழந்துவிடும்; எந்தப் பெயரும் செல்லுபடியாகிவிடும். முகவரிகளை ஒவ்வொன்றாக எழுதுவது அலுப்பான வேலைதான், ஆனாலும் அதுவே சரி.

ஹெலோ விதிகளில் ரிஜெக்ட்_இன்வேலிட்_ஹெலோ_ஹோஸ்ட்நேம், ரிஜெக்ட்_நான்_எஃப்க்யூடிஎன்_ஹெலோ_ஹோஸ்ட்நேம் இரண்டும் பெரும்பாலும் தொந்தரவில்லாதவை. இவற்றோடு எஸ்எம்டிபிடி_ஹெலோ_ரிக்வயர்டு என்பதை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹெலோவே சொல்லாமல் நுழைபவர் மீது இந்த விதிகள் பாயா. ரிஜெக்ட்_அன்நோன்_ஹெலோ_ஹோஸ்ட்நேம் கடுமையானது. ஒழுங்காக மெயில் அனுப்பும் பல நிறுவன சர்வர்கள் டிஎன்எஸ்ஸில் (பெயர்களுக்கு ஐபி சொல்லும் இணைய அமைப்பில்) இல்லாத உள்பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். எங்கள் கணிப்பில் மிகவும் பயனுள்ள ஹெலோ விதி வேறு: உங்கள் சர்வரின் பெயரையோ ஐபியையோ தன் பெயராகச் சொல்லும் வெளியாளைத் தடுப்பது. நேர்மையான எந்த சர்வரும் அப்படிச் சொல்லாது. இந்த விதி பெர்மிட்_மைநெட்வொர்க்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் உங்கள் சர்வரையே தடுத்துக்கொள்வீர்கள்.

அனுப்புநர் டொமைன் டிஎன்எஸ்ஸில் இல்லாவிட்டால் மறுக்கும் ரிஜெக்ட்_அன்நோன்_சென்டர்_டொமைன் நல்ல விதி. பதில் அனுப்பவே வழியில்லாத முகவரியை ஏற்பதில் பொருளில்லை. அனுப்புநர் முகவரி வெறுமையாக வரும் மெயில்களைத் தடுக்காதீர்கள். பட்டுவாடா ஆகாத மெயில் பற்றிய அறிவிப்புகள் அப்படித்தான் வர வேண்டும் என்பது நெறிமுறை.

ரிஜெக்ட்_அன்நோன்_கிளையன்ட்_ஹோஸ்ட்நேம் பார்க்க அழகாக இருக்கும். ஐபிக்குப் பெயர் இருக்க வேண்டும், அந்தப் பெயர் திரும்ப அதே ஐபியைக் காட்ட வேண்டும் என்று கேட்கும். நடைமுறையில் சிறு நிறுவனங்களின் நல்ல மெயில் இதில் சிக்கிக்கொண்டே இருக்கும். ஐபிக்கு ஏதாவது ஒரு பெயர் இருந்தால் போதும் என்று கேட்கும் ரிஜெக்ட்_அன்நோன்_ரிவர்ஸ்_கிளையன்ட்_ஹோஸ்ட்நேம் மென்மையானது. அதிலிருந்து தொடங்கலாம்.

தடைப்பட்டியல்கள் தனிக் கவனம் கேட்பவை. ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையன்ட் விதியில், தடைப்பட்டியல்களை வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் ஜென் பட்டியலைச் சேர்ப்பது வழக்கம். கேள்வி டிஎன்எஸ் வழியாகப் போகிறது. பட்டியலில் இருந்தால் 127.0.0.2 போன்ற ஒரு முகவரி பதிலாக வரும். சர்வரில் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வைத்திருந்தால், ஸ்பாம்ஹவுஸ் கேள்விக்கு விடை தராமல் 127.255.255.254 என்ற பிழைக்குறியைத் திருப்பும். விதியில் எந்தப் பதிலை ஏற்பது என்று வரையறுக்காவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அதையும் 'பட்டியலில் இருக்கிறது' என்றே எடுத்துக்கொண்டு வருகிற எல்லா மெயிலையும் மறுக்கும். திடீரென்று ஒரு மெயிலும் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த டிஎன்எஸ் ரிசால்வர் நிறுவுங்கள். விதியில் டொமைன் பெயருக்குப் பின் சமக்குறி போட்டு 127.0.0.[2..11] என்று பதிலின் எல்லையையும் எழுதுங்கள்.

வரிசையில் இந்த விதி கடைசியில் வர வேண்டும். சர்வருக்குள்ளேயே முடிகிற சோதனைகள் முதலில், வெளியே கேட்க வேண்டியவை பிறகு. அதோடு, வீட்டு இணைப்புகளின் ஐபிகள் ஜென் பட்டியலின் ஒரு பகுதியில் இடம்பெற்றிருப்பது இயல்பு. பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்த உங்கள் பயனரை அனுமதிக்கும் வரி இதற்கு மேலே இல்லாவிட்டால், அவர் வீட்டிலிருந்து மெயில் அனுப்ப முடியாது.

சொந்தப் பட்டியல்கள்

செக்_கிளையன்ட்_அக்சஸ், செக்_சென்டர்_அக்சஸ், செக்_ரெசிபியன்ட்_அக்சஸ் ஆகியவை நீங்கள் எழுதும் அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்லும். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் முகவரி அல்லது டொமைன், வலப்பக்கம் ஓகே, ரிஜெக்ட், டன்னோ போன்ற தீர்ப்பு. ரிஜெக்டுக்குப் பின் ஒரு வாக்கியம் எழுதினால் எதிர்முனைக்கு அதுவே காட்டப்படும். "இந்தக் காரணத்தால் தடுத்தோம்" என்று எழுதிவைப்பது மறுபக்க நிர்வாகிக்குப் பெரிய உதவி.

ஹேஷ் வகை அட்டவணையைத் திருத்தியதும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட வேண்டும். திருத்தம் ஏன் பலிக்கவில்லை என்று மணிக்கணக்கில் தேடுபவர்களில் பலர் விட்டது இந்த ஒரு கட்டளையைத்தான். ஹேஷுக்குத் தேவையான பெர்க்லி டிபி இல்லாத லினக்ஸ் வெளியீடுகளில் எல்எம்டிபி வகையைப் பயன்படுத்தலாம். ஐபி வரம்புகளுக்கு சிஐடிஆர் வகையே வசதி: 192.0.2.0/24 என்று நேரடியாக எழுதலாம், போஸ்ட்மேப் தேவையில்லை, ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட் கொடுக்க வேண்டும். ஹேஷ் அட்டவணையில் சாய்கோட்டு வடிவம் புரியாது, அங்கே 192.0.2 என்று முன்பகுதியை மட்டும் எழுத வேண்டும்.

விலக்கு கொடுக்கும்போது அனுப்புநரை வைத்துக் கொடுக்காமல் ஐபியை வைத்துக் கொடுங்கள். "ஜிமெயில்.காம் ஓகே" என்று சென்டர் அட்டவணையில் எழுதினால், அந்தப் பெயரைப் போலியாகப் போடும் ஸ்பேம் முழுவதும் உங்கள் எல்லாச் சோதனைகளையும் தாண்டிவிடும்.

வரிசையின் பலத்துக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு: எல்லா ஊழியருக்கும் போகும் ஒரு குழு முகவரிக்கு வெளியாட்கள் எழுதக் கூடாது. இதற்குச் சிக்கலான அமைப்புகளைப் பலர் தேடுகிறார்கள். ரெசிபியன்ட் பட்டியலில் மைநெட்வொர்க்ஸ், சாசல் வரிகளுக்குக் கீழே ஒரு செக்_ரெசிபியன்ட்_அக்சஸ் போட்டு, அந்த முகவரிக்கு நேரே ரிஜெக்ட் என்று எழுதினால் முடிந்தது. நம்மவர்கள் மேல் வரிகளிலேயே அனுமதிக்கப்பட்டுவிடுவார்கள். அந்த வரி வரை வந்து சேர்பவர் வெளியாள் மட்டுமே.

நம் பயனர்களுக்குத் தனி வாசல்

பயனர்கள் மெயில் அனுப்ப 25-ஐப் பயன்படுத்த வேண்டியதில்லை. 587 அல்லது 465-ஆம் போர்ட்டை அவர்களுக்கு ஒதுக்கி, மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் அந்தச் சேவைக்கு மட்டும் "பாஸ்வேர்டு கொடுத்தவரை விடு, மற்றவரைத் தடு" என்று '-ஓ' விருப்பத்தால் (ஆங்கில o) எழுதலாம். அங்கே சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக் கூடாது. விதிகளைக் காற்புள்ளியால் மட்டுமே பிரிக்க வேண்டும்.

பாஸ்வேர்டு கொடுத்தவர் வேறொருவரின் முகவரியில் அனுப்புவதைத் தடுக்க ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச் உண்டு. எந்த லாகினுக்கு எந்த முகவரி என்ற அட்டவணை அதற்குத் தேவை. இந்த விதி சாசல் அனுமதிக்கு மேலே இருந்தால்தான் பலிக்கும்.

திருடுபோன பாஸ்வேர்டுக்கு இவை எதுவும் மருந்தாகாது. எஸ்எம்டிபிடி_கிளையன்ட்_மெசேஜ்_ரேட்_லிமிட் இயல்பாகப் பூச்சியம், அதாவது வரம்பே இல்லை. வரம்பு வைத்தாலும் அது ஐபி வாரியாகத்தான் எண்ணும். நூறு ஐபிகளிலிருந்து ஒரே லாகினில் அனுப்புபவரைப் பிடிக்காது. லாகின் வாரியாக எண்ண ஒரு பாலிசி சேவையை (போஸ்ட்ஃபிக்ஸ் தீர்ப்பு கேட்கும் தனி நிரலை) இணைக்க வேண்டும். மைநெட்வொர்க்ஸில் இருப்பவர்களுக்கு இந்த வரம்புகள் இயல்பாகவே பொருந்துவதில்லை. அதே கணினியில் ஓடும் இணையதளத்தின் தொடர்புப் படிவம் ஸ்பேம் அனுப்புவோர் கையில் சிக்கினால் அது வழியாக வெள்ளமாக ஸ்பேம் போவது இதனால்தான்.

புதிய விதியைப் பயமில்லாமல் சேர்ப்பது

ஒரு விதியின் முன் வார்ன்_இஃப்_ரிஜெக்ட் என்று சேர்த்தால் அது யாரையும் தடுக்காது. தடுத்திருக்கும் என்று லாகில் மட்டும் எழுதும். ஒரு வாரம் அப்படி விட்டு, 'ரிஜெக்ட்_வார்னிங்' என்று லாகில் தேடிப் பாருங்கள். சிக்கியவர்களில் தெரிந்த பெயர்கள் இருந்தால் விதி கடுமை அல்லது இடம் தவறு.

முழு அமைப்பையும் மாற்றும்போது சாஃப்ட்_பவுன்ஸ் என்பதை இயக்கலாம். 5-இல் தொடங்கும் நிரந்தர மறுப்புகள் எல்லாம் 4-இல் தொடங்கும் தற்காலிக மறுப்புகளாகிவிடும். எதிர்முனை மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் முயலும். போஸ்ட்ஃபிக்ஸாக இருந்தால் இயல்பாக 5 நாள் வரை. அதற்குள் தவறைத் திருத்திக்கொண்டால் ஒரு மெயிலும் தொலையாது. வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் மறுக்கப்பட்டவர்கள் எல்லாம் திரும்பத் திரும்ப வந்து தட்டுவார்கள், லாகும் நிரம்பும்.

திருத்தத்துக்குப் பிறகு போஸ்ட்கான்ஃப் கட்டளையை '-என்' விருப்பத்தோடு (ஆங்கில n) ஓட்டினால் மெயின்.சிஎஃப் கோப்பில் நீங்கள் வெளிப்படையாக எழுதியவை மட்டும் வரும். அறியாத பெயர் இருந்தால் எச்சரிக்கையும் வரும். ஒரு எழுத்து பிசகிய அமைப்புப் பெயரைப் போஸ்ட்ஃபிக்ஸ் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும் என்பதால் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். அட்டவணையில் ஒரு முகவரிக்கு என்ன தீர்ப்பு என்பதை போஸ்ட்மேப் கட்டளையின் '-க்யூ' விருப்பத்தால் (ஆங்கில q) கேட்டுப் பார்க்கலாம். பிறகு லாகில் 'நோக்யூ: ரிஜெக்ட்' என்ற வரிகள். ஐபி, எண், காரணம், அனுப்புநர், பெறுநர், ஹெலோ என்று எல்லாமே அதே வரியில் இருக்கும். எந்த விதி தடுத்தது என்பதைக் காரணப் பகுதி சொல்லிவிடும்.